தளம் முடங்கினால் ஆப்பை அழிக்காதீர்கள்: இணையம் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: ஏதாவது ஒரு தளம் திறக்கவில்லை என்றால் எங்கள் வீட்டில் உடனே ரூட்டரை அணைத்துப் போடுகிறார்கள். கோளாறு நம் பக்கமா, தளத்தின் பக்கமா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, இரண்டு நிமிடம் போதும். ரூட்டரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில், சம்பந்தமே இல்லாத வேறு இரண்டு தளங்களைத் திறந்து பாருங்கள். அவையும் வராவிட்டால் உங்கள் இணைப்பில்தான் சிக்கல். அப்போது ரூட்டரை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடுவதில் அர்த்தம் உண்டு. மற்றவை வருகின்றன, இது மட்டும் வரவில்லை என்றால், போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறங்கள். டேட்டாவில் வந்து வைஃபையில் வராவிட்டால் உங்கள் இணைய நிறுவனத்தின் வழித்தடத்தில் எங்கோ பிசகு. இரண்டிலும் வராவிட்டால் பெரும்பாலும் தளத்தின் பக்கம்தான்.

அடுத்து, திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பலரும் ‘ஏதோ எரர்’ என்று அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் பாதி விடை அங்கேயே இருக்கும். 5-இல் தொடங்கும் எண் வந்தால் சர்வர் பக்கக் கோளாறு. 500 என்றால் அவர்களுடைய மென்பொருள் இடறியிருக்கிறது. 502, 504 என்றால் முன்னால் நிற்கும் சர்வருக்குப் பின்னால் இருக்கும் சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை, அல்லது நேரத்துக்கு வரவில்லை. 503 என்றால் பளு தாங்கவில்லை, அல்லது பராமரிப்புக்காக மூடியிருக்கிறார்கள். இந்த நான்கிலும் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. 4-இல் தொடங்குபவை வேறு சங்கதி. 404 என்றால் அந்த முகவரியில் பக்கம் இல்லை. இணைப்பைத் தப்பாக ஒட்டியிருக்கலாம். 403 என்றால் உங்களை உள்ளே விட மறுக்கிறது, வி.பி.என். (வேறிடத்திலிருந்து வருவதுபோல் காட்டும் இணைப்பு) போட்டிருந்தால் அணைத்துவிட்டுப் பாருங்கள். 429 என்றால் குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டீர்கள் என்று பொருள். விடாமல் ரிஃப்ரெஷ் அழுத்துபவர்களுக்கு வருவது இதுதான். பத்து நிமிடம் கையை எடுத்தால் தானே சரியாகும்.

எண்ணே இல்லாமல் ‘தளத்தின் முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று வந்தால் அது டி.என்.எஸ். பிரச்சினை. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை பதில் சொல்லவில்லை. போனிலோ கணினியிலோ டி.என்.எஸ். முகவரியை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றினால் பல நேரம் தளம் வந்துவிடும். ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று வந்தால் முதலில் சாதனத்தின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பேட்டரி போன பழைய லேப்டாப் பல வருடம் பின்னால் போய் நின்றிருக்கும். அந்தத் தேதியில் தளத்தின் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும். தேதி சரியாக இருந்தும் அதே எச்சரிக்கை வந்தால் மேலே போகாதீர்கள்.

கேள்வி: ஒரு தளத்தின் நிலவரத்தை அந்த நிறுவனமே சொல்லும் ஸ்டேட்டஸ் பக்கம் ‘எல்லாம் நலம்’ என்று பச்சையாகக் காட்டுகிறது. ஆனால் எனக்குத் திறக்கவில்லை. யாரை நம்புவது?

பதில்: முதல் அரை மணி நேரத்துக்குப் பச்சையை நம்ப வேண்டாம். பல நிறுவனங்களில் அந்த நிறத்தை மாற்றுவது மனிதர்கள்தான். கோளாறை உறுதி செய்து, மேலிடத்தில் சொல்லி, வாசகத்தை எழுதிப் போட நேரமாகும். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை முடங்கியபோது ஸ்டேட்டஸ் பக்கமே அதே சேவையை நம்பி இருந்ததால் நிறத்தை மாற்ற முடியாமல் பச்சையாகவே நின்றது. அன்றைய கோளாறுக்குக் காரணம், பராமரிப்பின்போது ஒருவர் தட்டிய கட்டளையில் ஓர் உள்ளீடு பிழையாகிப்போனது. எடுக்க நினைத்ததைவிட அதிக சர்வர்கள் கழன்றுவிட்டன.

டவுன்டிடெக்டர் போன்ற தளங்கள் வேறு வகை. அவை கோளாறை அளப்பதில்லை, பயனர்களின் புகார்களை எண்ணுகின்றன. வரைபடம் திடீரென்று செங்குத்தாக ஏறினால் நம்பலாம். ஆனால் ஒரு பெரிய சேவை விழுந்தால், ஜனங்கள் தங்கள் இணைய நிறுவனத்தின் மீதும் சேர்த்துப் புகார் போடுவார்கள். அதனால் பத்துப் பெயர்கள் ஒன்றாகச் சிவந்திருக்கும்போது எந்தப் பெயரின் கோடு முதலில் ஏறியது, எது மிக உயரம் என்று பாருங்கள். மற்றவை பெரும்பாலும் நிழல்.

கேள்வி: ஒரு மெசேஜ் ஆப் வேலை செய்யவில்லை என்று அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டேன். இப்போது உள்ளே போகவே முடியவில்லை, ஓடிபியும் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இப்போதைக்குக் காத்திருங்கள். ஓடிபி அனுப்ப வேண்டியதும் அதே முடங்கிய சர்வர்தான். திரும்பத் திரும்பக் கேட்டால், தவறான முயற்சிகள் அதிகம் என்று சில மணி நேரம் பூட்டும் போட்டுவிடும். சேவை திரும்பியதும் ஒரே ஒரு முறை கேளுங்கள். நான்கைந்து முறை கேட்டிருந்தால் எல்லா ஓடிபியும் மொத்தமாக வந்து விழும். கடைசியாகக் கேட்டதுதான் செல்லும், ஆனால் கடைசியாக வந்து சேர்வது அதுவாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இனிமேல் நினைவில் வைக்க வேண்டியது: சேவை முடங்கியிருக்கும்போது செய்யக் கூடாதவை மூன்று. லாக்-அவுட் செய்யாதீர்கள், ஆப்பை அழிக்காதீர்கள், பாஸ்வேர்டை மாற்றாதீர்கள். உள்ளே இருப்பவருக்குச் சேவை வந்ததும் தானாக வந்துவிடும். வெளியே போனவர் மறுபடி வாசலில் நிற்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஆப்பை அழித்தால் கடைசி பேக்கப்புக்குப் பிறகு வந்தவை போய்விடும். பேக்கப்பே போடாதவருக்கு எல்லாமே போகும். ஓடிபி உருவாக்கும் ஆத்தன்டிகேட்டர் ஆப் இன்னும் மோசம். அதன் ரகசியச் சாவிகள் போனுக்குள் மட்டும் இருந்து, நகல் எங்கும் இல்லை என்றால், அழித்த கணத்தில் அத்தனை கணக்குகளின் இரண்டாம் பூட்டும் கைவிட்டுப் போகும். இரண்டாம் பூட்டைப் போடும்போது பல தளங்கள் தரும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சடித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை.

கேள்வி: எங்கோ ஒரு நிறுவனம் தவறு செய்தால் அதோடு தொடர்பே இல்லாத நூறு தளங்கள் ஏன் சேர்ந்து விழுகின்றன?

பதில்: வெளியில் பெயர்ப்பலகை நூறு இருந்தாலும், அடியில் தாங்கி நிற்பது சில நிறுவனங்கள்தான். பக்கங்களை வாசகருக்கு அருகில் வைத்து வேகமாகக் கொடுக்கவும் தாக்குதலைத் தடுக்கவும் கிளவுட்ஃபிளேர், ஃபாஸ்ட்லி போன்றவை. சர்வரையே வாடகைக்குத் தர அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள்.

2021 ஜூன் 8 அன்று ஃபாஸ்ட்லியில், ஒரே ஒரு வாடிக்கையாளர் தன் அமைப்பில் முறைப்படி ஒரு மாற்றம் செய்தார். அதில் தவறே இல்லை. ஆனால் அதற்கு முந்தைய மாதம் சேர்ந்திருந்த ஒரு பிழை அந்த மாற்றத்தால் விழித்துக்கொண்டு, வலையமைப்பில் 85 சதவீதம் எரர் காட்டத் தொடங்கியது. 49 நிமிடத்தில் பெரும்பகுதி மீண்டது. 2025 நவம்பர் 18 கிளவுட்ஃபிளேர் கதையும் இதே ஜாதி. ஒரு தரவுத்தளத்தின் அனுமதியை மாற்றியதில், மனிதரல்லாத தானியங்கிப் போக்குவரத்தைக் கண்டுபிடிக்க உதவும் கோப்பு ஒன்றில் வரிகள் இரட்டித்து, கோப்பின் அளவு இரு மடங்கானது. அதைப் படிக்கும் மென்பொருளுக்கு ஒரு வரம்பு வைத்திருந்தார்கள்; வரம்பு மீறியதும் அது நின்றுபோனது. சாட்ஜிபிடி, எக்ஸ் எல்லாம் திணறின. எது டவுன் என்று சொல்ல வேண்டிய டவுன்டிடெக்டரும் கூடவே திணறியதுதான் வேடிக்கை. முதலில் பெரிய தாக்குதல் என்றே கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தினர் சந்தேகித்தார்கள்.

அதற்கு முந்தைய மாதம், அக்டோபர் 20, அமேசானின் முறை. ஒரு தரவுத்தளச் சேவையின் டி.என்.எஸ். பதிவைத் தானே புதுப்பிக்கும் இரண்டு நிரல்கள் ஒன்றையொன்று முந்தப் போய், பதிவு காலியாகிவிட்டது. சேவை உயிரோடு இருந்தது, அதன் முகவரிதான் காணாமல் போனது. அன்று இணையத்தோடு இணைந்த மெத்தைகள்கூடச் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

2021 அக்டோபர் 4 ஃபேஸ்புக் முடக்கத்தை வேறு காரணத்துக்காக நினைவில் வைக்கலாம். பராமரிப்புக்கான ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு வலையமைப்பையே துண்டித்தது. தடுத்திருக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் பிழை. உள்ளே போய்ச் சரிசெய்யப் பயன்படும் கருவிகளும் அதே வலையமைப்பில் இருந்ததால் பொறியாளர்கள் நேரில் போக வேண்டியதாயிற்று. மீள ஏறத்தாழ ஆறு மணி நேரம். அந்த நேரத்தில் உலகம் முழுக்க ஆப்களும் மனிதர்களும் விடாமல் மறுபடி மறுபடி கேட்டதில், கிளவுட்ஃபிளேரின் டி.என்.எஸ். சேவைக்கு ஃபேஸ்புக் பெயர்களுக்கான கேள்விகள் வழக்கத்தைப்போல் 30 மடங்கு வந்தன. ரிஃப்ரெஷ் பொத்தானால் தளம் எழுந்து வராது. எழ முயலும் தளத்துக்கு அது கூடுதல் சுமை.

கேள்வி: பணம் செலுத்தும்போது வட்டம் சுழன்றுகொண்டே நின்றுவிட்டது. மறுபடி அழுத்தலாமா?

பதில்: உடனே கூடாது. வட்டம் சுழல்கிறது என்றால் உங்களுக்குப் பதில் வரவில்லை என்றுதான் அர்த்தம். உங்கள் கட்டளை போய்ச் சேரவில்லை என்று அர்த்தமில்லை. பணம் எடுக்கப்பட்டு, ‘வெற்றி’ என்ற செய்தி மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். இப்படிச் செய்யுங்கள்: அந்தப் பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்யாமல் விட்டுவிட்டு, வேறு சாதனத்தில் வங்கிக் கணக்கின் கடைசிப் பரிவர்த்தனைகளைப் பாருங்கள். பிறகு அந்தத் தளத்தில் ‘என் ஆர்டர்கள்’ பகுதியையும் மின்னஞ்சலையும் பாருங்கள். மூன்றிலும் தடயம் இல்லாமல் அரை மணி நேரம் கடந்தால் மறுபடி முயலலாம். பணம் போய், ஆர்டர் இல்லை என்றால் பரிவர்த்தனை எண்ணையும் நேரத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சில நாட்களில் தானே திரும்பும். திரும்பாவிட்டால் வங்கி முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். கட்டணம் திரும்பவில்லை என்று சமூக ஊடகத்தில் புலம்பினால் ‘வாடிக்கையாளர் சேவை’ என்ற பெயரில் யாராவது தனிச் செய்தியில் வருவார்கள். அவர்களிடம் மட்டும் பேசவே வேண்டாம்.

கேள்வி: நண்பரோடு பயணப்பை பற்றிப் பேசினேன், தேடவே இல்லை. அன்று மாலையே பை விளம்பரம் வந்துவிட்டது. போன் ஒட்டுக்கேட்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பதில்: வேண்டும். உங்கள் அனுபவம் பொய்யல்ல, காரணம்தான் வேறு. நீங்கள் தேடவில்லை, உங்கள் நண்பர் தேடியிருப்பார். இருவரும் ஒரே வைஃபையில் இருந்தால் வெளியுலகுக்கு இருவரும் ஒரே ஐ.பி. முகவரிதான் (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்). கடைகள் தங்களிடம் உள்ள மின்னஞ்சல், தொலைபேசி எண் பட்டியலை விளம்பர நிறுவனங்களிடம் ஏற்றி, ‘இவர்களைப் போன்றவர்களுக்கும் காட்டு’ என்று கேட்க முடியும். அதோடு, பயணப் பருவத்தில் அந்த விளம்பரம் உங்களுக்கு முன்பே ஐம்பது முறை வந்து, நீங்கள் கவனிக்காமல் கடந்திருக்கவும் வாய்ப்பு அதிகம். பேசிய பிறகு வந்த ஒன்று மட்டும் கண்ணில் படும்.

ஒலியை எப்போதும் பதிவு செய்து அனுப்பினால் பேட்டரியிலும் டேட்டாவிலும் தெரிந்துவிடும். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்தார்கள். ரகசியமாக மைக்கைத் திறந்து ஒலி அனுப்பியதாக ஒன்றும் சிக்கவில்லை. ஆனால் பயனர் என்ன தொடுகிறார் என்று திரையைப் படமாகவும் வீடியோவாகவும் வெளியே அனுப்பிய ஆப்கள் சிக்கின. பயப்பட வேண்டுமானால் அதற்குப் பயப்படலாம்.

நீங்களே சோதிக்கவும் வழி உண்டு. மைக் திறந்திருந்தால் ஐபோனில் ஐ.ஓ.எஸ். 14 முதல் மேலே ஆரஞ்சுப் புள்ளி எரியும். ஆண்ட்ராய்டு 12 முதல் வலது மேல் மூலையில் பச்சை அடையாளம் வரும். செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போனால் கடந்த 24 மணி நேரத்தில் எந்த ஆப் மைக்கைத் தொட்டது என்ற பட்டியலும் ஆண்ட்ராய்டில் இருக்கும். டார்ச் ஆப்புக்கும் கால்குலேட்டருக்கும் மைக் அனுமதி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

உண்மையில் நீக்க வேண்டியது, விளம்பரக்காரர்கள் உங்கள் போனைத் தொடர உதவும் விளம்பர அடையாள எண்ணை. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் ‘ஆட்ஸ்’ என்று தேடி, ‘டெலீட் அட்வர்டைசிங் ஐடி’ அழுத்துங்கள். அதன்பின் ஆப்கள் கேட்டால் வெறும் பூஜ்ஜியங்கள் போகும். ஐபோனில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிராக்கிங் போய், ஆப்கள் அனுமதி கேட்பதையே அணைத்துவிடலாம். விளம்பரங்களின் எண்ணிக்கை குறையாது. உங்களைத் துரத்திக்கொண்டு வருவது குறையும்.

கேள்வி: செருப்பு வாங்கியே ஆகிவிட்டது. அதே செருப்பின் விளம்பரம் மூன்று வாரமாக ஏன் விரட்டுகிறது?

பதில்: பார்த்தவர்களின் பட்டியல் ஒன்று, வாங்கியவர்களின் பட்டியல் ஒன்று. இரண்டாவதை முதலாவதிலிருந்து கழிக்க வேண்டியது விற்பவரின் வேலை. சோம்பலில் பலர் கழிப்பதில்லை. அல்லது நீங்கள் பார்த்தது கணினியில், வாங்கியது போன் ஆப்பில். இருவரும் ஒருவரே என்று விளம்பர அமைப்புக்குத் தெரியாது. பட்டியலில் ஒருவரை இத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று கணக்கு இருக்கும், 30 நாள் என்று வைப்பது சகஜம். விளம்பரத்தின் மூலையில் உள்ள சின்ன முக்கோணம் அல்லது மூன்று புள்ளியை அழுத்தி ‘இந்த விளம்பரதாரரைத் தடு’ என்று கொடுங்கள். பிரவுசர் குக்கீகளை அழித்தாலும் போகும், ஆனால் எல்லாத் தளங்களிலிருந்தும் லாக்-அவுட் ஆவீர்கள்.

கேள்வி: விளம்பரங்களை யாராவது பார்க்கிறார்களா என்ன?

பதில்: 1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்டு தளத்தில் முதல் பேனர்கள் வந்தபோது புதுமைக்காகவே அழுத்தினார்கள். 1998-லேயே பேனர் மாதிரி இருப்பதைக் கண் தானாகத் தவிர்க்கிறது என்று ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். அதனால்தான் இப்போது விளம்பரம் விளம்பரம் மாதிரி இருப்பதில்லை. செய்தி மாதிரி, தேடல் முடிவு மாதிரி இருக்கிறது. ‘ஸ்பான்சர்டு’ என்ற சொல் மட்டும் வெளிறிய எழுத்தில். மென்பொருள் எதையும் தேடலில் மேலே வரும் அந்த ஸ்பான்சர்டு வரிசையிலிருந்து தரவிறக்காதீர்கள். பிரபலக் கருவிகளின் பெயரில் காசு கொடுத்து அங்கே போலித் தளத்தை நிறுத்துவது நெடுநாள் மோசடி. ஏஐ கருவிகளின் பெயரில் இப்போது அதிகம்.

கேள்வி: அப்பாவின் போனில் மணிக்கொரு முறை ‘13 வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று அறிவிப்பு வருகிறது. ஆன்டிவைரஸ் போட்டும் போகவில்லை. போனை ரீசெட் செய்யலாமா?

பதில்: வேண்டாம். அநேகமாக வைரஸ் இல்லை. பிரவுசர் நோட்டிஃபிகேஷன் விளம்பரம். ஏதோ ஒரு தளம் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிப்படுத்த அலவ் அழுத்துங்கள்’ என்று கேட்டிருக்கும், அப்பா அழுத்தியிருப்பார். ஆன்டிவைரஸுக்கு இது தவறாகத் தெரியாது, அனுமதி கொடுத்துத்தானே வருகிறது.

அந்த அறிவிப்பைத் தட்டாமல் கீழே இழுத்துப் பாருங்கள்; எந்தத் தளம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத பெயர் அத்தனையையும் தடுங்கள். அதே பக்கத்தில் மேலே இருக்கும் பொத்தானையும் அணைத்துவிட்டால் இனி எந்தத் தளமும் கேட்கவே கேட்காது. பெரியவர்கள் போனில் இதை அணைத்தே வைக்கலாம். செய்தித் தள அறிவிப்புகள் போகும், வேறு நஷ்டம் இல்லை. ஐபோனில் இதே வித்தை காலண்டர் வழியாக வரும். அந்த நிகழ்வைத் திறந்து, அடியில் ‘அன்சப்ஸ்கிரைப்’ கொடுத்தால் மொத்தமும் மறையும்.

கேள்வி: குரோமில் விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் நின்றுவிட்டது. மாற்று என்ன? விளம்பரத்தைத் தடுப்பது தப்பா?

பதில்: குரோம் தன் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்க்கும் சிறு நிரல்) விதிகளை மேனிஃபெஸ்ட் வி3 என்ற முறைக்கு மாற்றியது. பழைய முறையில் ஒவ்வொரு கோரிக்கையையும் எக்ஸ்டென்ஷனே நிறுத்திப் பார்த்து முடிவு செய்யலாம். புதியதில் முன்கூட்டி விதிப் பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும், நிறுத்துவது பிரவுசர். அதனால் யூபிளாக் ஆரிஜின் 2024 பிற்பகுதியிலிருந்து படிப்படியாக அணைக்கப்பட்டது. குரோமிலேயே இருக்க வேண்டுமானால் யூபிளாக் ஆரிஜின் லைட். பெரும்பாலான தளங்களுக்குப் போதும். பழைய வலிமை வேண்டுமானால் ஃபயர்ஃபாக்ஸ். ஏறத்தாழ அதே பெயரில் போலிகள் எக்ஸ்டென்ஷன் கடையில் உண்டு, பெயரை எழுத்தெண்ணிப் பாருங்கள்.

தப்பா என்றால், மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்) பரவும் வழிகளில் விளம்பரமும் ஒன்று என்பதால் தடுப்பது நியாயமான தற்காப்பு. விரும்பிப் படிக்கும் நான்கு தளங்களுக்கு விலக்குக் கொடுங்கள். எக்ஸ்டென்ஷன் பொத்தானைத் தட்டினால் அந்தத் தளத்துக்கு மட்டும் அணையும்.

கேள்வி: பி.டி.எஃப். இணைக்க, படத்தைச் சுருக்க, பின்னணியை நீக்க என்று தினம் ஒரு இலவசத் தளம். ஆவணங்களை அங்கே ஏற்றுவது ஆபத்தா?

பதில்: ஏற்றினால் ஆபத்து. சில கருவிகளில் ஏற்றவே தேவையில்லை. கோப்பு உங்கள் பிரவுசருக்குள்ளேயே வேலை முடிந்து வெளியே வரும். எது எந்த வகை என்று சோதிப்பது எளிது. பக்கம் முழுதாக வந்த பிறகு இணையத்தைத் துண்டியுங்கள். முக்கியமில்லாத ஒரு மாதிரிக் கோப்பை உள்ளே போடுங்கள். முடிவு வந்துவிட்டால் வேலை உங்கள் கணினியில் நடக்கிறது. நெட்வொர்க் எரர் என்று நின்றால் கோப்பு அவர்கள் சர்வருக்குப் போகத் துடிக்கிறது. கூகுளின் ஸ்கூஷ் என்ற படச் சுருக்கக் கருவி முதல் வகை. உண்மையான ஆவணத்தையும் இப்படித் துண்டித்தே செய்து, டேபை மூடிவிட்டு இணைப்பைப் போடலாம். பின்னணி நீக்கும் ஏஐ கருவிகளில் பல சர்வர் வகை. அடையாள அட்டையை அதில் போடாதீர்கள்.

பாதி வேலைக்குக் கருவியே வேண்டாம். எந்தப் பக்கத்தையும் பி.டி.எஃப். ஆக்க, பிரின்ட் கொடுத்து அச்சுப்பொறிக்குப் பதில் ‘சேவ் ஆஸ் பி.டி.எஃப்.’ தேர்ந்தெடுங்கள். முப்பது பக்கத்தில் நான்கு மட்டும் வேண்டுமானால் அதே பெட்டியில் பக்க எண்களைக் கொடுக்கலாம். மேக்கில் இரண்டு பி.டி.எஃப். இணைக்க ப்ரிவ்யூவின் பக்கப் பட்டையில் ஒன்றை மற்றொன்றின் மேல் இழுத்து விட்டால் முடிந்தது.

‘கூகுள் கணக்கில் உள்ளே வாருங்கள்’ என்று கேட்கும் கருவிகளில் அடுத்த திரையைப் படியுங்கள். பெயர், மின்னஞ்சல், படம் மட்டும் கேட்டால் சரி. டிரைவ் கோப்புகள் அனைத்தையும் பார்க்க, திருத்த, அழிக்க அனுமதி கேட்டால், படம் சுருக்க அது எதற்கு? ஏற்கெனவே கொடுத்தவற்றை கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதியில் மூன்றாம் தரப்பு இணைப்புகள் பட்டியலில் ரத்து செய்யலாம். இனிமேல் எடுப்பது நிற்கும். எடுத்துக்கொண்டு போனது போனதுதான்.

எக்ஸ்டென்ஷன்களிலும் இதே கண். ‘எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ என்று கேட்டால், ஐகானில் வலது கிளிக் செய்து ‘அழுத்தும்போது மட்டும்’ என்று மாற்றிவிடுங்கள். நல்ல எக்ஸ்டென்ஷன் கைமாறிக் கெட்டுப்போவதும் நடக்கிறது. டேப்களை உறங்கவைக்கும் தி கிரேட் சஸ்பெண்டர் 2020-இல் வேறு கைக்குப் போய், 2021 பிப்ரவரியில் மால்வேர் என்று கூகுளால் நீக்கப்பட்டது. நீங்கள் நிறுவியபோது நல்லதாக இருந்தது என்பதால் இன்றும் நல்லது என்று இல்லை.

கேள்வி: புது ஏஐ கருவி ஒவ்வொன்றையும் உடனுக்குடன் கற்காவிட்டால் பின்தங்கிவிடுவோமா?

பதில்: மாட்டோம். ஆறு மாதம் கழித்தும் உயிரோடு இருந்தால் கற்றுக்கொள்ளுங்கள். சாட்ஜிபிடியை ஏற்கெனவே பயன்படுத்துகிறீர்கள் என்றால், செட்டிங்ஸ், டேட்டா கன்ட்ரோல்ஸ் போய் உங்கள் உரையாடலை மாடலைப் பயிற்றுவிக்கத் தரும் பொத்தானை அணைப்பது உருப்படியான முதல் பாடம்.

கேள்வி: ஏழு நாள் இலவசம் என்று ஓர் ஆப்பில் கார்டு எண் கொடுத்தேன். பிடிக்கவில்லை, ஆப்பை அழித்துவிட்டேன். பணம் எடுப்பார்களா?

பதில்: எடுப்பார்கள். ஆப்பை அழிப்பதும் சந்தாவை நிறுத்துவதும் வேறு வேறு. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தட்டி, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ். ஐபோனில் செட்டிங்ஸின் உச்சியில் உங்கள் பெயர், சப்ஸ்கிரிப்ஷன்ஸ். அங்கே ரத்து செய்யுங்கள். ஆப்பிள் முறையில் இலவச காலம் முடிய குறைந்தது 24 மணி நேரம் இருக்கும்போதே ரத்து செய்ய வேண்டும். கடைசி நாளுக்கு வைத்தால் தவறிவிடும். சேர்ந்த கையோடு ரத்து செய்தாலும் பல ஆப்கள் மீதி நாட்களை அனுபவிக்க விடும். சில உடனே கதவைச் சாத்திவிடும். தளத்தில் நேரடியாகக் கார்டு கொடுத்திருந்தால் ஸ்டோரில் தெரியாது, அந்தத் தளத்துக்குள் போய்த்தான் நிறுத்த வேண்டும்.

கேள்வி: நீண்ட படிவத்தை நிரப்பி ‘சமர்ப்பி’ அழுத்தியதும் 503 வந்துவிட்டது. எழுதியது முழுக்கப் போய்விட்டதா?

பதில்: அந்த டேபை மூடாதவரை இல்லை. முதலில் பின்செல் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பல தளங்களில் நிரப்பியது அப்படியே நிற்கும். நின்றால் உடனே எல்லாவற்றையும் நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டுங்கள்.

பெட்டிகள் காலியாக வந்தால், முன்செல் பொத்தானை அழுத்தி அந்த எரர் பக்கத்துக்கே திரும்புங்கள். கணினியில் குரோம் என்றால் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் என்ற தலைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இப்போது ரிஃப்ரெஷ் செய்யுங்கள். ‘படிவத்தை மறுபடி அனுப்பவா?’ என்று பிரவுசர் கேட்கும். சரி என்று கொடுங்கள். பட்டியலில் முதல் வரியைச் சொடுக்கி, பேலோடு என்ற பகுதியைப் பார்த்தால் நீங்கள் தட்டச்சு செய்த ஒவ்வொரு பெட்டியின் உள்ளடக்கமும் வரிசையாக இருக்கும். எரர் பக்கத்துக்கு மாறாமல் படிவத்தின் மேலேயே சிவப்பாக எச்சரிக்கை காட்டும் நவீனத் தளங்களில் இவ்வளவு தூரம் போக வேண்டாம். படிவம் கண் முன்னே இருக்கும், நகலெடுத்துக்கொண்டு பிறகு அனுப்புங்கள். பணம் கட்டும் படிவத்தில் மட்டும் இந்த எஃப்12 வித்தையைச் செய்யாதீர்கள். மறுபடி அனுப்பியது போய்ச் சேர்ந்துவிட்டால் இரண்டு முறை கட்டியதாகிவிடும்.